கேளுங்கள், சொல்கிறோம்: வீட்டுச் சபை நடத்துவோருக்கு

எங்கள் வீட்டில் மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடக்கிறது. எட்டுப் பேரில் தொடங்கி இப்போது 25 பேர். சமையல், பாத்திரம், கழிவறை எல்லாம் என் தலையில். வேறு வீட்டுக்கு மாற்றலாமே என்றால், "ஆசீர்வாதத்தை இழக்காதீங்க சிஸ்டர்" என்கிறார்கள்.
_வாசகி, செந்தூல்_

அப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் ஒரு தட்டாவது கழுவினார்கள் என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். சபை பிளந்ததற்கு உபதேச வேறுபாட்டைக் காரணம் சொல்வார்கள். கிளறிப் பார்த்தால் பல இடங்களில் விரிசல் அடுப்படியில் தொடங்கியிருக்கும்.

முதலில் இடக் கணக்கு. மலேசியாவில் பிபிஆர் (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டம்) அடுக்குமாடி வீடு மொத்தமே சுமார் 700 சதுர அடி. அதில் கூடம் 150 சதுர அடி தேறினால் பெரிது. மடக்கு நாற்காலி போட்டு, கால் வைக்கவும் சேர்த்து ஆளுக்கு எட்டு சதுர அடி விட்டால் 18 பேர்தான். அதற்கு மேல் வந்தவர்கள் படுக்கையறை வாசலில் நிற்பார்கள், செருப்பு பக்கத்து வீட்டுக் கதவு வரை போகும். சிரியாவில் தூரா யூரோபோஸ் என்ற ஊரில் 3ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் ஒரு வீட்டில் இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூடமாக்கினார்கள். ஆறாவது மாடியில் நமக்கு அந்த வசதி இல்லை, பிரியத்தான் வேண்டும். 15 பேர் ஆனதுமே இரண்டாவது வீட்டைப் பேசி வையுங்கள். 25 ஆன பிறகு பிரித்தால் யார் யாரோடு போவது என்பதே தனிச் சண்டையாகிவிடும்.

ஒரு வீட்டுக்கு மூன்று மாதம் போதும். ஜனவரியிலேயே பட்டியல் போட்டுவிடுங்கள். முறை யாருடையதோ அவர் வீட்டை மட்டும் கொடுப்பார், சமைக்க மாட்டார். 20 பேருக்கு 400 கிராம் மீகூன் (அரிசி சேமியா) பாக்கெட் ஐந்து போதும். சோறு என்றால் இரண்டு கிலோ அரிசியும் இரண்டு கறியும். இதை மூன்று குடும்பங்கள் பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. தட்டை அவரவர் கொண்டுவந்து அவரவர் எடுத்துப் போகட்டும். கூடத்தைக் கூட்டவும் கழிவறை கழுவவும் இரண்டு பேர், அதில் ஒருவர் ஆண். (முணுமுணுப்பு வரும், வரட்டும்.)

ஷிப்டு முடிந்து ஒன்பதரைக்கு வருகிறவருக்குச் சாப்பாட்டை முன்கூட்டியே எடுத்து மூடி வையுங்கள். பவுல் காலத்துக் கொரிந்து சபையிலும் இதே கதைதான்: ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் வெறித்திருந்தான் (1 கொரிந்தியர் 11:21). திருவிருந்தின்போது நாம் வாசிக்கும் வசனங்களைப் பவுல் எழுதியதே இந்தச் சாப்பாட்டுத் தகராற்றுக்கு நடுவில்தான்.

காணிக்கை கியூஆர் மூலம் சபைத் தலைவரின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. நல்ல மனிதர். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ?
_வாசகர், பாயான் லெப்பாஸ்_

நல்ல மனிதர் என்பதற்காகவே கேளுங்கள். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் வங்கி அவர் கணக்கை முடக்கும், பணம் வாரிசுகளுக்குப் போகும். இது சபைப் பணம் என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. அவர் மனைவியிடம் போய் அதைக் கேட்கும் தைரியம் யாருக்கு வரும்?

மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் ஏழு பேரும் அதற்கு மேலும் சேர்ந்த அமைப்பைச் சங்கம் என்கிறது. ஆகவே பதிவுக்கு இரண்டு வழி உண்டு. ஏற்கெனவே பதிவான ஒரு சபையின் கிளைக் குழுவாகச் சேர்ந்து, பணத்தை அதன் கணக்கு வழியாக நடத்தலாம். அல்லது சட்டவிதி எழுதிச் சங்கப் பதிவிலாகாவில் நீங்களே பதியலாம். பதிந்தால் ஆண்டுக் கூட்டம் நடத்தி 60 நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்குப் பொறுமையான செயலாளர் இல்லாத சின்னக் குழுவுக்கு முதல் வழிதான் நல்லது.

ரொக்கக் காணிக்கையைக் கூட்டம் முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன், ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணட்டும். எந்த மதிப்புத் தாள் எத்தனை என்று தொகையோடு எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். எழுதுவது தைத்த நோட்டுப் புத்தகமாக இருக்கட்டும், கிழித்தால் தெரியும். இன்னொன்று, வருமான வரிக் கழிவுக்கு, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீது வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்கும் ரசீது அங்கே செல்லாது.

மேல்மாடிக்காரர் சத்தம் என்று நிர்வாகத்தில் புகார் கொடுத்துவிட்டார்.
_வாசகர், பங்சார்_

அடுக்குமாடியில் மைக் எதற்கு? 18 பேருக்கு வெறும் குரலே கேட்கும். கிதார் இருக்கட்டும், கஞ்சிராவையும் டிரம்ஸையும் விட்டுவிடுங்கள். தட்டும் ஓசை கான்கிரீட் வழியே மேலும் கீழும் பரவும். ஒன்பதே முக்காலுக்கு முடியுங்கள். நள்ளிரவு வரை பவுல் பிரசங்கித்து, தூங்கிப்போன ஐத்திகு என்ற வாலிபன் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததை மறக்க வேண்டாம். வாகனங்களை விருந்தினர் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். புகாரில் பாதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

எங்கள் பாஸ்டரே வீட்டில் கல்யாணம் நடத்தி வைத்தால் போதுமா?
_வாசகி, ஜெலுத்தோங்_

திருமண உதவிப் பதிவாளராக நியமனம் பெற்ற போதகர் என்றால் முடியும். இல்லாவிட்டால் அது ஆசீர்வாத ஜெபம் மட்டுமே, சட்டப்படி திருமணம் ஆகாது. தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், ஆறு மாதத்துக்குள் திருமணம் நடந்தாக வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே போங்கள்.

இரண்டு குடும்பத்துக்குள் மனஸ்தாபம். மத்தேயு 18 சொன்னபடி செய்தோம், இன்னும் மோசமானது.
_வாசகர், கெப்போங்_

தவறு செய்தவரிடம் முதலில் தனியாகப் பேசுவது, பிறகு இரண்டொரு சாட்சிகளோடு, அதன்பின் சபையில் என்பது அந்த ஒழுங்கு. வீட்டுச் சபையில் இரண்டாம் படிதான் வழுக்கும். சாட்சிக்குக் கூப்பிட்டால் வருவது மாமாவும் மச்சானும்தான், பிறகு அது குடும்பப் பஞ்சாயத்து. சண்டை இல்லாத காலத்திலேயே, உங்களோடு சொந்தமும் கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஒரு வெளிச்சபை மூப்பரைக் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்து, பெயரை நோட்டில் எழுதி வையுங்கள். கூடும் வீட்டின் சொந்தக்காரரே வழக்கில் ஒரு தரப்பு என்றால், அந்த வாரமே கூட்டத்தை இடம் மாற்றுங்கள். அவர் வரவேற்பறையில் உட்கார்ந்து அவர் தவற்றை யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் நேரம், இடம், யார் என்ன கொண்டுவருவது என்பது மட்டும் இருக்கட்டும். "இந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள், வீட்டில் பிரச்சினை" என்று ஒருவர் போட்ட இரவே ஈப்போவிலிருக்கும் அவர் அத்தைக்கு விஷயம் தெரிந்துவிடும்.