பி.எஸ்சி. கணிதத்துக்குப் பின் பி.எட். மட்டும்தானா?

தம்பி, பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள். பயன்பாட்டுக் கணிதத்தில் எம்.எஸ்சி. படிக்க ஆசை, வீட்டிலோ பி.எட். முடித்து வாத்தியார் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாத்தியார் வேலை மோசமில்லை. ஆனால் வேறு வாசலே இல்லை என்பது தவறு.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் வெப்பச் சமன்பாட்டை வகுப்பில் மாறிகளைப் பிரித்துத் தீர்த்திருப்பீர்கள். இப்போது அந்தக் கம்பியைச் சிறு துண்டுகளாக வெட்டியதாக வைத்துக்கொண்டு, அடுத்த நொடியின் வெப்பநிலையை முந்தைய நொடியிலிருந்து பைத்தான் நிரல்மொழியில் கணக்கிடுங்கள். வெப்பப் பரவல் எண்ணைக் கால இடைவெளியால் பெருக்கித் துண்டு நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். அது 0.5-ஐத் தாண்டினால் விடை தாறுமாறாக எகிறும். ஏன் என்று தூக்கம் கெட்டால், இது உங்களுக்கான படிப்புதான்.

ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் தரவு அறிவியல் எம்.எஸ்சி. உண்டு, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. காப்பீட்டுத் துறையில் இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவரி வேலை என்றால், ஏசெட் நுழைவுத் தேர்வை இப்போதே எழுதலாம், பிளஸ் டூ போதும். அதன்பின் வரும் தேர்வுத் தாள்கள் பல ஆண்டுகள் இழுக்கும். அதையும் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.