சிபி ரேடியோ இரைச்சல்: முதலில் உங்கள் வீட்டு மெயினை அணையுங்கள்

சிபி என்பது பொதுமக்கள் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 40 சேனல்களில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோ. அதை வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். "ரேடியோவில் இரைச்சல், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை." எந்தச் சேனல், எந்த நேரம், என்ன மாதிரி சத்தம் என்ற மூன்றையும் எழுதியவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். எழுதியவர்களுக்கு முதல் மரியாதை.

கேள்வி: 40 சேனலிலும் ஒரே சீராக 'உர்ர்ர்' என்று எஸ்-7 அளவுக்கு (ரேடியோவின் சிக்னல் மீட்டரில் 7) இரைச்சல். இரவு பகல் பேதமில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

உங்கள் வீட்டிலிருந்து. ரேடியோவைத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இணையுங்கள், சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். ஆன்டெனா அதே ஆன்டெனாதான். இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வீட்டு மெயினை அணையுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயின் போனதும் அது தன் பேட்டரியில் இன்னும் உற்சாகமாகக் கத்தும். லேப்டாப், சார்ஜ் ஏறும் விளக்கு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இரைச்சல் நின்றுவிட்டால் திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எந்தப் பிரேக்கரில் சத்தம் திரும்புகிறதோ, அந்த வரிசையில் உள்ள பொருள்களைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. டிவியும் ரூட்டர் அடாப்டரும் 'ஆஃப்' என்று நாம் நினைக்கும்போதும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பெரும்பாலும் மாட்டுவது போன் சார்ஜர், எல்இடி விளக்கின் டிரைவர் (அதற்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்), லேப்டாப் அடாப்டர். பேட்டரிக்கு மாறிய உடனேயே, மெயினைத் தொடும் முன்பே, சத்தம் போய்விட்டதா? அப்படியானால் குற்றவாளி உங்கள் ரேடியோவின் பவர் சப்ளையேதான்.

கேள்வி: ஒரு சத்தம் வருகிறது. என்ன காரணம்?

கடிதம் இவ்வளவுதான். என் பதிலும் இவ்வளவுதான்: தெரியாது.

கேள்வி: சேனல் 4-ல் மட்டும் மெல்லிய விசில். அக்கம்பக்கச் சேனல்கள் சுத்தமாக இருக்கின்றன.

வீட்டில் செட்-டாப் பாக்ஸோ பழைய டிவிடி பிளேயரோ இருக்கிறதா பாருங்கள். டிஜிட்டல் வீடியோ கருவிகளில் 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் வைப்பது வழக்கம். சேனல் 4 இருப்பது 27.005-ல். இடைவெளி வெறும் 5 கிலோஹெர்ட்ஸ், யாராவது பேசும்போது அதுதான் விசிலாகக் கேட்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் கேபிளே அதற்கு ஆன்டெனா. கேபிளை ஃபெரைட் வளையத்தில் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) சுற்றுங்கள், உங்கள் கோஆக்ஸை (ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளை) அதன் பக்கத்தில் ஓடவிடாதீர்கள்.

கேள்வி: வேலை நாட்களில் மட்டும், காலை முதல் மாலை வரை, சில நொடிகளுக்கு ஒருமுறை ஓர் உறுமல் வருகிறது. ஒரு சேனலில் ஆரம்பித்து அடுத்ததற்கு நகர்ந்து நின்றுவிடுகிறது.

இவர் நேரத்தையும் சத்தத்தையும் ஒழுங்காக எழுதியிருக்கிறார், அதனால் உட்கார்ந்த இடத்திலேயே சொல்ல முடிகிறது. பிளாஸ்டிக் ஒட்டும் இயந்திரம். 27.12 மெகாஹெர்ட்ஸ் என்பது தொழிற்சாலை, மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை. 26.957 முதல் 27.283 வரை அவர்கள் ராஜ்யம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சூடு ஏற ஏற அலைவரிசை நகரும், அதுதான் நீங்கள் கேட்கும் நகர்வு. இந்தப் பட்டைக்குள் வரும் இத்தகைய இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச ரேடியோ விதிகளே சொல்கின்றன. சேனல் 1 முதல் 27 வரை இதற்குள் அடக்கம். 28-க்கு மேல் போய்விடுங்கள், பெரும்பாலும் தப்பிக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் என்னை வேண்டுமென்றே ஜாம் செய்கிறார். அவருக்கும் எனக்கும் ஏற்கெனவே ஆகாது. தினமும் மாலை ஆரம்பித்து நள்ளிரவு வரை எல்லாச் சேனலையும் அடைத்துவிடுகிறார். உடனே புகார் கொடுக்கலாமா?

இந்தக் கடிதம் மாதாமாதம் வருகிறது. எழுதுபவர்தான் மாறுகிறார். கடிதத்தில் சண்டையின் வரலாறு இரண்டு பக்கம், இரைச்சலைப் பற்றி இரண்டு வரி. உங்கள் வீட்டு மெயினை அணைத்துப் பார்த்தீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதையாகி, கடைசியில் உங்கள் வாசல் விளக்கே மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

வேண்டுமென்றே ஜாம் செய்கிறவன் எப்படிச் செய்வான் என்று கொஞ்சம் யோசியுங்கள். அவனிடம் ஒரு ரேடியோ இருக்கும், ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் அடைப்பான். நீங்கள் வேறு சேனலுக்குப் போனால் தேடிக்கொண்டு பின்னால் வருவான். பாட்டுப் போடுவான், விசிலடிப்பான், நீங்கள் பேசும்போது மட்டும் மைக்கை அழுத்துவான். மனிதன் செய்யும் காரியத்தில் மனிதன் தெரிவான். 40 சேனலையும் ஒரே அளவில், பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்து, நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் அடைக்கிறது என்றால் அது ஒரு விளக்கு. செடி வளர்க்கும் விளக்காக இருக்கலாம், மலிவு எல்இடி பட்டையாக இருக்கலாம். இதுவே வெயில் ஏறும்போது வந்து வெயில் இறங்கும்போது போனால் சோலார் இன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். ஒரே சேனலில் சத்தமே இல்லாமல் மீட்டர் மட்டும் ஏறி நின்றால், எங்கோ ஒரு காரில் சீட் இடுக்கில் மைக் மாட்டிப் பட்டன் அழுந்திக் கிடக்கிறது. அதைக்கூட ஜாம்மிங் என்று எழுதுகிறார்கள்.

சரி, மெயினை அணைத்தும் இரைச்சல் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் நேரம் குறியுங்கள். எப்போது ஆரம்பித்தது, எப்போது நின்றது, மழையா வெயிலா. அப்புறம் கையில் எடுத்துப் போகக்கூடிய ரேடியோவோடு நடங்கள். ஏஎம்-மில் வையுங்கள், எஃப்எம்-மில் சத்தத்தின் ஏற்ற இறக்கம் தெரியாது. ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். சத்தம் எந்தப் பக்கம் பார்க்கும்போது மிகவும் குறைகிறதோ, அதற்கு நேர் பின்னால், உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது மூலம். உங்கள் உடம்பே மறைப்பு. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஓர் அடிக் குறுக்களவில் ஒரு லூப் ஆன்டெனா (வளையமாக வளைத்த கம்பி) கட்டிக்கொள்ளுங்கள். சத்தம் கூடும் திசையைப் பிடிக்காதீர்கள், அது அகலமாகப் பரவியிருக்கும். சத்தம் அடங்கும் திசை கூர்மையானது. லூப்பின் தட்டைப் பக்கம் மூலத்தைப் பார்க்கும்போதுதான் சத்தம் அடங்கும். முன்னாலா பின்னாலா என்பதை அது சொல்லாது. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் நின்று வரைபடத்தில் கோடு போடுங்கள், வெட்டும் இடம்தான் விலாசம். கிட்டே போகப் போகச் சத்தம் எல்லாப் பக்கமும் முழு அளவில் நிற்கும், அப்போது ஆர்எஃப் கெயினை, அதாவது ரேடியோவின் கேட்கும் கூர்மையை, குறைக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மின்கம்பிகள் இரைச்சலைச் சுமந்துகொண்டு தெரு நீளத்துக்கும் போகும். கம்பிக்கு அடியில் நடந்தால் கூடும், குறையும், மறுபடி கூடும். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 11 மீட்டர், அதனால் சில மீட்டருக்கு ஒருமுறை இந்த ஏமாற்று வரும். அதிகம் கத்துகிற வீடுதான் மூல வீடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விமான அலைவரிசை கேட்கும் ரேடியோ இருந்தால் 120 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் அதே இரைச்சலைத் தேடுங்கள். அலைவரிசை ஏற ஏற இரைச்சல் எட்டும் தூரம் சுருங்கும், எனவே அங்கேயும் கேட்கிறது என்றால் நெருங்கிவிட்டீர்கள்.

இதையெல்லாம் செய்து கோடுகள் பக்கத்து வீட்டில்தான் வெட்டுகின்றன என்றால், அப்போதும் புகார் இல்லை. ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். சத்தத்தை அவர் காதால் கேட்கட்டும். அவர் கையாலேயே அவர் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். தன் வீட்டுப் பொருள் இப்படிக் கத்துகிறது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. கோபப்பட வேண்டியது அவரிடம் இல்லை. மலிவு டிரைவர் ஒன்றின் சர்க்யூட் பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? வடிகட்டிச் சுருளுக்கும் கப்பாசிட்டருக்கும் இடம் அச்சாகியிருக்கும், பொருள் இருக்காது. சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைப் போட்டு இணைத்திருப்பார்கள். சில காசு மிச்சம் பிடித்த அந்தப் புண்ணியவானைத் திட்டுங்கள். (பார்க்கிறேன் என்று நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.) நல்ல விளக்கு ஒன்றை உங்கள் செலவில் வாங்கிக் கொடுத்தால் சண்டையும் தீரும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் உங்கள் நாட்டின் ரேடியோ ஒழுங்கு அமைப்புக்கு எழுத வேண்டும். அப்போது குறித்துவைத்த நேரக் கணக்கையும் வரைபடத்தையும் இணையுங்கள், சண்டையின் வரலாறு வேண்டாம்.

கேள்வி: ஃபெரைட் கிளிப் ஒரு பை நிறைய வாங்கி எல்லா வயரிலும் மாட்டிவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

எது கத்துகிறது என்று தெரியாமல் மருந்து வாங்கினால் இப்படித்தான். மெயினை அணைத்துப் பார்த்து, முதலில் பொருளைக் கண்டுபிடியுங்கள். அதன் வயரில், அதை ஒட்டி மாட்டுங்கள், உங்கள் முனையில் வேண்டாம். ஒரு கிளிப்புக்குள் வயரை நேராக ஓட்டினால் 27 மெகாஹெர்ட்ஸில் பெரிய பயன் இல்லை. பெரிய வளையமாக எடுத்து ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். சுற்று இரண்டு மடங்கானால் தடை சுமார் நான்கு மடங்கு ஆகும். 31 அல்லது 43 எண் ரகம் கேட்டு வாங்குங்கள். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து பிய்த்த மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத்தூள், இந்த வேலைக்கு உதவாது.

கேள்வி: நாய்ஸ் பிளாங்கர் பட்டனை அழுத்தினாலும் சத்தம் குறையவில்லை. ரேடியோ பழுதா?

இல்லை. அது 'டக் டக்' என்று விட்டுவிட்டு வரும் பொறிச் சத்தத்தை வெட்டத்தான். தொடர்ச்சியான இரைச்சலில் வெட்ட இடைவெளி ஏது?

கேள்வி: காரில் இஞ்சின் ஓடும்போது மட்டும் சத்தம்.

ஆன்டெனாவைக் கழற்றுங்கள், பேச மட்டும் செய்யாதீர்கள். சத்தம் நின்றால் ஆன்டெனா வழியாக வருகிறது, நிற்காவிட்டால் பவர் வயர் வழியாக. ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப வேகம் கூடும் 'டிக் டிக்' என்றால் இக்னிஷன். ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக்கா பாருங்கள். சுருதி ஏறும் 'வீல்' என்றால் ஆல்டர்னேட்டர். ரேடியோவுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக ஃபியூஸ் வைத்துத் தனி வயர் இழுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், லைட்டர் துளையில் செருகியிருக்கும் யுஎஸ்பி சார்ஜரைப் பிடுங்குங்கள். காரிலும் முதலில் நம் பொருள்தான்.

கேள்வி: வறண்ட நாட்களில் கரகரவென்று அடிக்கிறது. மழை பெய்தால் ஒருநாள் நிம்மதி.

மின்கம்பம். தளர்ந்த ஆணி, போல்ட், இன்சுலேட்டர் கட்டு இவற்றின் இடுக்கில் பொறி பறக்கிறது. மரக் கம்பம் நனைந்து ஊறினாலும் இடுக்கில் ஈரம் ஏறினாலும் அடங்கும். முன்னே சொன்னபடி நடந்து போய்க் கம்பத்தைக் கண்டுபிடித்து, அதன் எண்ணை மின் நிறுவனத்திடம் கொடுங்கள். ஏறாதீர்கள். சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள். இழுகம்பியை உலுக்காதீர்கள். தட்டினால் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லும் மேதாவிகள் இருக்கிறார்கள். உயர் அழுத்தக் கம்பி தலைக்கு மேல் இருக்கிறது என்பது அவர்களுக்கு மறந்துவிடுகிறது.

கேள்வி: நொடிக்கு ஒரு 'டிக்'. கடிகாரம் மாதிரி.

மின்வேலி. நல்ல வேலி சத்தம் போடாது. எங்கோ கம்பி இணைப்பு தளர்ந்து அல்லது இன்சுலேட்டர் விரிந்து பொறி பாய்கிறது. வேலிக்காரரிடம் சொல்லுங்கள், அவருக்கும் அது நஷ்டம்தான்.

கேள்வி: சில நாட்கள் பகலில் புரியாத மொழியில் பல குரல்கள் ஒன்றாகக் கேட்கின்றன. யாரோ ஒட்டுக்கேட்கிறார்களா?

ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வானத்தில் பட்டுத் திரும்பி வரும் அலைகள். சூரியப் புள்ளிகள் ஏறும் ஆண்டுகளில் அதிகம். இதற்கு மெயினை அணைக்க வேண்டாம்.

கேள்வி: தலைகீழ் பிரச்சினை. நான் பேசினால் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் என் குரல் கேட்கிறதாம்.

அவர் ஸ்பீக்கர் வயர் உங்கள் அலையைப் பிடிக்கிறது, உள்ளே உள்ள ஆம்ப்ளிஃபயர் அதைக் குரலாக மாற்றுகிறது. ரேடியோ சேனல் மாற்றினாலும் நிற்காது. ஸ்பீக்கர் வயரையும் அதன் பவர் வயரையும் பெட்டியை ஒட்டி ஃபெரைட் வளையத்தில் ஆறேழு சுற்று சுற்றிக் கொடுங்கள். ஆன்டெனாவை அவர் சுவரிலிருந்து தள்ளி, இன்னும் உயரத்தில் வையுங்கள். நாலு வாட்டுக்கு மேல் போக ஏதாவது லீனியர் (சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றிவிட்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.