சத்துவாச்சாரி போன்ற பழைய புறநகரில் தொடர்ந்து குடியிருப்பதா, விற்றுவிட்டுப் போவதா?

வேலூர் சத்துவாச்சாரியில் நெடுநாளாகச் சொந்த வீட்டில் வாழும் ஒரு மூத்த தம்பதியின் கேள்வி இது. குடும்பங்கள் வாழ்வதற்காகக் கட்டிய தெருக்கள், வாடகைக்கும் வியாபாரத்துக்கும் மெல்லக் கைமாறுவதைத்தான் 'மாறும் புறநகர்' என்கிறோம்.

கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது, மனை விலையோ ஏறுகிறது. 1900இல் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கும் 1984இல் காட்பாடியில் கல்லூரியாகத் தொடங்கிய விஐடி பல்கலைக்கழகத்துக்கும் வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே ஓடுகிறது. 2011இல் சத்துவாச்சாரி வேலூர் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. பழைய பித்தளை அண்டாவைக் கடையில் போட்டால் எடைக்குத்தான் காசு. எத்தனை கல்யாணத்துக்குச் சமைத்தது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீடும் வாங்குபவர் கண்ணுக்கு வெறும் மனைதான்.

ஆகவே விலையை விட்டுவிட்டு வாசலைப் பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு, மூன்று படி ஒரு படியாகிவிட்டதா? அப்படியானால் பெருமழைத் தண்ணீர் கூடத்துக்கே வரும். இங்கே அடியில் பாறை. பக்கத்து அடுக்குமாடிக்காரர் ஆழமாகத் துளைத்தால் உங்கள் ஆழ்துளைக் கிணறு முதலில் வற்றலாம். இவை இரண்டும் சமாளிக்கக் கூடியவை. நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் கதவைத் தட்ட ஒரு வீடாவது தெருவில் இருக்கிறதா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இருந்தால் இருங்கள். இல்லையென்றால், கைகால் நன்றாக இருக்கும்போதே மாறிவிடுங்கள்.

மனை விலை ஏறினாலே லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். விற்ற பணத்தில் இதே ஊரில் வேறு வீடு தேடினால், அங்கேயும் விலை ஏறித்தான் இருக்கும்.