மேடம் வார்டுக்கு வருவாங்களா?

நர்சிங் படிப்பு: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் 6 வருடம் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். அதன் பிறகு 27 வருடம் நர்சிங் கல்லூரிகளில் டியூட்டராக (தொடக்கநிலை ஆசிரியராக) தொடங்கி துணை முதல்வராக ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: மேடம், என் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். பக்கத்து ஊரில் 60 சீட் உள்ள ஒரு சின்ன நர்சிங் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தோம். கட்டடம் நன்றாக இருக்கிறது. அவர்கள் கொடுத்த புத்தகத்தில் ஆசிரியர்கள் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி.(என்), ஆர்.என்.ஆர்.எம்., பிஎச்.டி. என்று வரிசையாக எழுத்துகள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். இதில் எதைப் பார்த்து நம்புவது?
ஒரு தாய், திண்டிவனம்

பதில்: நீங்கள் கட்டடத்தோடு நிற்காமல் ஆசிரியர் பட்டியலைப் பார்த்தீர்களே அம்மா, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அட்மிஷனுக்கு வருகிற பத்துப் பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆர்.என்.ஆர்.எம். என்பது பட்டம் கிடையாது. நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிந்திருக்கிறார் என்று அர்த்தம். தமிழ்நாட்டில் இந்தப் பதிவு 1926-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருகிறது. பதிவு இல்லாதவர் நோயாளியைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாது. எம்.எஸ்சி.(என்) என்றால் பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், அப்புறம் குறைந்தது 1 வருட வேலை, அதற்கு மேல் 2 வருடம் ஏதாவது ஒரு பிரிவில் படித்தவர். பிஎச்.டி. அதற்கும் மேலே ஆராய்ச்சி.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதிப்படி முதல்வருக்கு எம்.எஸ்சி.யோடு 15 வருட அனுபவம் வேண்டும். பிஎச்.டி. இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. உதவிப் பேராசிரியருக்கு எம்.எஸ்சி.யும் 3 வருடம் சொல்லிக்கொடுத்த அனுபவமும். டியூட்டராகச் சேர பி.எஸ்சி.யும் 1 வருட அனுபவமும் இருந்தால் போதும். 10 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. வருடத்துக்கு 60 பேர் என்றால் நாலு வருடத்துக்கு 240 பேர். அப்படியானால் 24 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். உங்கள் கையில் உள்ள புத்தகத்தில் எத்தனை பெயர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. படித்து முடித்ததற்கும் பாடம் எடுக்க வந்ததற்கும் நடுவில் அவர் எத்தனை வருடம் வார்டில் நின்றார் என்று கேளுங்கள். எழுத்துகளுக்கு இடையில் ஒளிந்திருக்கிற அந்த வருடங்கள்தான் உங்கள் மகளுக்குப் பாடமாகக் கிடைக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆன்டிபயாடிக் பொடி 500 மில்லிகிராம் சின்னக் குப்பியில் வரும். அதில் தண்ணீர் 5 மில்லி விட்டுக் கலக்கினால் 1 மில்லியில் 100 மில்லிகிராம் என்று பலகையில் கணக்குப் போடலாம், விடையும் சரி. ஆனால் பொடியும் கொஞ்சம் இடம் பிடிக்கும். 5 மில்லி தண்ணீர் விட்டால் சிரிஞ்சில் வருவது 5 மில்லிக்கு மேல். பெரியவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. 2 கிலோ எடையுள்ள பச்சைக் குழந்தைக்கு மருந்தின் அளவு குறைந்துபோகும். அடுத்தது, குழந்தையின் கையில் கேனுலா (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போட்டு டேப் ஒட்டும்போது விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். வீக்கமோ நீலமோ வந்தால் அங்கேதான் முதலில் தெரியும். குழந்தைகள் வார்டில் நைட் டியூட்டி பார்த்தவர் இதையெல்லாம் கேட்காமலேயே சொல்லிவிடுவார். படிப்பு முடிந்த கையோடு வகுப்பறைக்கு வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவர் வாயில் வராது. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கல்லூரிக்கு இன்னொரு தடவை போங்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்து, “மேடம் உங்களோடு வார்டுக்கு வருவாங்களா, இல்லை ஸ்டாஃப் நர்ஸ்கிட்ட விட்டுட்டுப் போயிடுவாங்களா?” என்று கேளுங்கள். பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: அனாடமி எடுப்பவர் நர்ஸே இல்லை மேடம். பரவாயில்லையா?
முதல் செமஸ்டர் மாணவி, தஞ்சாவூர்

பதில்: பரவாயில்லை. உடற்கூறு, உயிர்வேதியியல், உளவியல், ஆங்கிலம் போன்றவற்றை அந்தந்தத் துறை படித்தவர்கள் வெளியிலிருந்து வந்து எடுக்கலாம். வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: எங்களுக்குக் குழந்தைகள் நலப் பாடம் எடுக்கும் மேடம் எம்.எஸ்சி.யில் படித்தது மனநலம். கேள்வி கேட்டால் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார். இது முறையா?
ஐந்தாம் செமஸ்டர் மாணவன், ஈரோடு மாவட்டம்

பதில்: தம்பி, எம்.எஸ்சி. நர்சிங்கில் ஐந்து பிரிவுகள் உண்டு. மருத்துவ அறுவைசிகிச்சை, சமுதாய நலம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம். முதல் வருடத்து அடிப்படை நர்சிங் பாடங்களை இதில் எந்தப் பிரிவு படித்தவரும் எடுக்கலாம். படுக்கை விரிப்பதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் எல்லோருக்கும் பொது. ஆனால் உன் வருடத்தில் வரும் குழந்தை நலத்துக்கு அந்தப் பிரிவு படித்தவர் எடுப்பதுதான் நியாயம். சின்னக் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு ஒரே ஆள்தான் இருப்பார். அவர் பிரசவ விடுப்பில் போனால் நிர்வாகம் யார் சும்மா இருக்கிறார் என்று பார்த்து மாட்டிவிடும்.

எனக்கும் இது நேர்ந்தது. நான் படித்தது குழந்தை நலம். ஒரு வருடம் மனநலப் பாடத்தை என் தலையில் வைத்தார்கள். இரண்டு இரவு தூங்கவில்லை. அப்புறம் அனுமதி வாங்கிக்கொண்டு, விடுமுறை நாட்களில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குப் போனேன். 1794-இல் தொடங்கிய இடம் அது. அங்கே ஒரு மூத்த சிஸ்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, யாருடனும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி இருந்த ஓர் அம்மாவிடம் தினமும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். கேள்வியே கேட்க மாட்டார். பன்னிரண்டாவது நாள் அந்த அம்மா, “நாளைக்கும் வருவியா?” என்றார். நோயாளியோடு பழகுவது பற்றிய அத்தியாயத்தை நான் அந்த நாளை வைத்துத்தான் நடத்தினேன்.

உன் மேடத்துக்கும் இந்த வழி திறந்துதான் இருக்கிறது. நீங்கள் நாலு பேர் சேர்ந்து போய், “மேடம், குழந்தைகள் வார்டில் ஒரு கேஸை எங்களோடு சேர்ந்து பார்க்கிறீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். புகார் எழுதுவதற்கு முன்னால் இதைச் செய். பெரும்பாலும் அவரும் உள்ளுக்குள் பயந்துபோய்த்தான் இருப்பார்.

கேள்வி: கல்லூரியில் ஆசிரியர்கள் போதுமா என்று பார்க்கிற இன்ஸ்பெக்ஷன் அன்று நாங்கள் பார்த்தே இராத நாலைந்து ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காணோம். சீனியர்கள் “வழக்கம்தான்” என்கிறார்கள். மனசு கேட்கவில்லை.
பெயர் வேண்டாம்

பதில்: இதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

நான் டியூட்டராகச் சேர்ந்த இரண்டாவது கல்லூரியில் இதைக் கண்ணால் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். இன்ஸ்பெக்ஷன் அன்று காலை ஏழு மணிக்கு ஒரு வேனில் ஆறு பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் எம்.எஸ்சி. முடித்தவர்கள், பதிவு உள்ளவர்கள். சான்றிதழ்கள் எல்லாம் அசல். ஸ்டாஃப் ரூமில் அவர்கள் பெயர்ப் பலகை முன்தினமே வந்துவிட்டது. என்னை லைப்ரரிக்குப் போகச் சொன்னார்கள். சாயங்காலம் வேன் கிளம்பியதும் பலகைகளைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அந்த வருடம் ஆறு பேர் வேலையையும் நாங்கள் மூன்று டியூட்டர்கள் பார்த்தோம். மகப்பேறு வார்டில் 40 மாணவிகளோடு நான் ஒருத்தி. ஒரு பிரசவத்தில் தொப்புள்கொடியை எங்கே கிளாம்ப் போடுவது என்று தெரியாமல் ஒரு மாணவி கை நடுங்க நின்றாள். நான் அந்த நேரம் வேறு வார்டில் இருந்தேன். அங்கிருந்த ஸ்டாஃப் நர்ஸ் பார்த்துக்கொண்டதால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் அன்று எதிர்த்துப் பேசவில்லை. வருடம் முடிந்ததும் விலகினேன். பேசியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பட்டியலில் இருக்கிற தகுதி உண்மை, ஆள் பொய். இதுதான் இந்த மோசடியில் கண்டுபிடிக்கக் கஷ்டமான பகுதி. இப்போது தேசிய அளவில் நர்ஸ்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் ஒரு ஆளுக்கு ஒரே எண். அதனால் ஒருவர் பெயரை இரண்டு கல்லூரிகளில் காட்டினால் சரிபார்க்க வழி இருக்கிறது. ஆனால் அவர் வகுப்புக்கு வந்தாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் தேதியும் நேரமும் போட்டு, யார் எந்த வகுப்பு எடுத்தார்கள் என்று உங்கள் நோட்டிலேயே எழுதி வாருங்கள். இரண்டு மாதம் எழுதினால் போதும். அதை வைத்துப் பெற்றோர் சார்பில் பல்கலைக்கழகத்துக்கும் மாநில கவுன்சிலுக்கும் எழுதலாம். நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். படிப்பு முடிகிற வரைக்கும் உங்கள் உள்மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: நான் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்து 4 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். சொல்லிக்கொடுக்க ஆசை. “டிப்ளமா தானே, காலேஜ் டீச்சர் ஆக முடியாது” என்கிறார்கள். உண்மையா அக்கா?
ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: டிப்ளமாவோடு மட்டும் முடியாது. ஆனால் அதோடு நிற்க வேண்டியதில்லை. டிப்ளமா முடித்தவர்கள் சேர்கிற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 வருடம். எம்.எஸ்சி.க்கு 1 வருட அனுபவம் கேட்பார்கள். அது போஸ்ட் பேசிக்குக்கு முன்னால் பார்த்ததாக இருந்தாலும் செல்லும், உனக்கு ஏற்கெனவே 4 வருடம் இருக்கிறது. எம்.எஸ்சி. 2 வருடம். மொத்தம் 4 வருடம் கணக்கு வைத்துக்கொள்.

நான் வந்த வழியும் இதுதான். ஜி.என்.எம். முடித்து 6 வருடம் வார்டில் இருந்துவிட்டுப் போஸ்ட் பேசிக் சேர்ந்தபோது வகுப்பிலேயே மூத்தவள் நான். வேலூரிலும் டெல்லியிலும் 1946-இல் இந்தியாவின் முதல் பி.எஸ்சி. நர்சிங் படிப்பு தொடங்கியதற்கு முன்னால் இந்த நாட்டில் நர்ஸ்களை உருவாக்கியவர்கள் எல்லாம் வார்டிலிருந்து வந்தவர்கள்தான். சென்னை பொது மருத்துவமனையில் 1871-லேயே பயிற்சி ஆரம்பித்துவிட்டது.

ஒன்று மட்டும் செய்துகொள். இப்போது வேலை பார்க்கிற இடத்தில் எந்தெந்த வார்டில் எத்தனை மாதம் என்று தேதி போட்டு அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்கிவிடு. “4 வருடம் பணிபுரிந்தார்” என்று ஒற்றை வரியில் தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு வராதே. நான் அப்படி வாங்கிவிட்டு, எட்டு வருடம் கழித்துப் பதவி உயர்வுக்காக அந்த மருத்துவமனைக்குத் திரும்பப் போய் நின்றேன். பழைய ரிஜிஸ்தர் மழையில் நனைந்துபோயிருந்தது.