தூரிகைப் பக்கம்: காயாத தாமரை

கேள்வி: சில ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் வரைந்து வருகிறேன். சென்ற மாதம் 24 டியூப்கள் கொண்ட எண்ணெய் வண்ணப் பெட்டி ஒன்றை வாங்கித் தாமரைக்குளம் வரைந்தேன். வண்ணம் கெட்டியாக இருந்ததால் வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கலந்துகொண்டேன். 12 நாட்கள் ஆகியும் விரலில் ஒட்டுகிறது. நிறங்களும் சேறுபோல் ஆகிவிட்டன. எங்கே தவறினேன்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: தேங்காய் எண்ணெயில்தான். நீர்வண்ணம் நீர் ஆவியானதும் காய்ந்துவிடும்; எண்ணெய் வண்ணம் அப்படிக் காய்வதில்லை. அதில் நிறப்பொடியைப் பிணைத்து வைத்திருக்கும் ஆளி விதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகிப் படலமாக மாறுகிறது. இவ்வாறு இறுகும் குணம் ஆளி, வால்நட் போன்ற சில எண்ணெய்களுக்கே உண்டு. தேங்காய் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் இறுகாது என்பதால், அந்தத் தாமரையைக் கத்தியால் வழித்தெடுத்துவிட்டுப் புதிய கேன்வாஸில் தொடங்குவதே நல்லது. வண்ணத்தை இளக்க ஓவியர்களுக்கென்று விற்கும் ஆளி விதை எண்ணெயையும் டர்பன்டைனையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் கடையில் மரச்சாமான்களுக்குப் பூசக் கிடைக்கும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் நாளடைவில் கறுத்துவிடும், அது வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் கலக்காதிருந்தாலும் 12 நாட்களில் எல்லா நிறமும் ஒரே அளவு காய்ந்திருக்காது. மாங்கனீசு கலந்த மண்ணிலிருந்து வரும் பர்ன்ட் அம்பர் ஓரிரு நாளில் தொடுமளவுக்குக் காயும்; டைட்டானியம் வெள்ளை ஒரு வாரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஆகவே அடியில் பூசும் படலம் டர்பன்டைன் கலந்து மெல்லியதாகவும், மேலே வரவரச் சிறிது சிறிதாக எண்ணெய் கூடியதாகவும் இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், மேற்படலம் இறுகிய பின்னும் அடிப்படலம் அசைந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகளில் மேற்பரப்பு வறண்ட ஏரித்தரை போல வெடித்துவிடும்.

சேறானதற்குக் காரணம் அந்த 24 டியூப்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கையில் நிறம் அதிகமிருந்தால் அத்தனையையும் தொடத்தான் தோன்றும். பெட்டியை மூடி வைத்துவிட்டு டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் நீலம் ஆகிய ஐந்தை மட்டும் வெளியே எடுங்கள். கருப்பு இப்போதைக்கு வேண்டாம். அம்பரும் அல்ட்ராமரைனும் சேர்ந்தாலே கருப்புக்கு நிகரான ஆழம் கிடைக்கும். மஞ்சளின் நிழலுக்குக் கருப்பைக் கலப்பவர்கள், அது பாசிப்பச்சையாக மாறுவதைக் கண்டு திகைத்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தாமரைக்குளமும் சற்றுக் காத்திருக்கட்டும். ஒரு மண்பானையை எடுத்து, ஒரே ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். அம்பர், வெள்ளை என்னும் இரண்டை மட்டும் கொண்டு அதை வரையுங்கள். நிழல் பக்கத்தை உற்றுப் பாருங்கள்: மிக இருண்ட பகுதி பானையின் விளிம்பில் இல்லை, விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கும், தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் விளிம்பை மங்கலாக எழுப்பிக் காட்டும். அந்த மெல்லிய கீற்றைக் கண்டு வரைந்துவிட்டால் தட்டையாகத் தெரிந்த வட்டம் சட்டென்று வயிறு தள்ளிய பானையாகிவிடும். நிழலை மெல்லியதாகவும், ஒளி விழும் இடத்தைக் கனமாகவும் பூசுங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளைத் தாளையே வெளிச்சமாக விட்டுவைத்துப் பழகிய கைக்கு, வெளிச்சத்தைக் கடைசியில் பூசிச் சேர்க்கும் இந்த முறை முதல் சில நாட்கள் முரணாகவே இருக்கும்.

வரைந்ததைப் பீரோவுக்குள் வைக்காதீர்கள். என் முதல் உருவப்படத்தைத் தூசிக்குப் பயந்து அப்படிப் பூட்டி வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது வெள்ளை வேட்டி பழுப்பேறியிருந்தது. ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சத்தில் சில வாரம் வைத்தபின் அது பெருமளவு தெளிந்தது.

கேள்வி: குரு இல்லாமல் எண்ணெய் ஓவியம் கற்க முடியுமா?
— வாசகர், சாத்தூர்

பதில்: முடியும், ஆனால் கண்ணுக்கு ஒரு குரு வேண்டும். 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு உருவப்படம் வரைய வந்த தியோடர் ஜென்சன், இளைஞரான ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர விரும்பவில்லை; தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். அந்தப் பார்வையோடு விடாப்பிடியான சொந்தப் பயிற்சியும் சேர்ந்துதான் 1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருக்குப் பரிசு வாங்கித் தந்தது. அவருடைய மூல ஓவியங்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளன. அவற்றை நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தால் நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எங்கே வண்ணம் மெலிந்திருக்கிறது, எங்கே மேடிட்டிருக்கிறது என்பதை அச்சுப்படமோ கைபேசித் திரையோ காட்டாது.

கேள்வி: டர்பன்டைன் வாடைக்கு வீட்டில் எதிர்ப்பு. மாற்று உண்டா?
— வாசகி, ஓசூர்

பதில்: எதிர்ப்பவர்கள் பக்கம்தான் நியாயம், அந்த ஆவி தலைவலி தரும். ஜன்னலைத் திறந்து வைத்து, சிறு மூடிபோட்ட பாத்திரத்தில் தேவையான அளவு மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். தூரிகையைக் கழுவ அதுவும் வேண்டியதில்லை: முதலில் பழந்துணியால் நன்றாகத் துடைத்து, ஏதாவதொரு சமையல் எண்ணெயில் அலசி, பிறகு சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு நுரை வெள்ளையாக வரும்வரை தேய்த்தால் போதும். கும்பகோணத்து வாசகியின் தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்குப் பயன்படும். ஆனால் ஆளி விதை எண்ணெய் படிந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இறுகும்போது அந்த எண்ணெய் வெப்பத்தை வெளிவிடுகிறது. குவியலில் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றக்கூடும். துணியை விரித்துக் கொடியில் உலர்த்துங்கள், அல்லது நீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வெளியேற்றுங்கள்.