தொண்ணூறை 900 என்று எழுதும் பையன்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மாலையில் என்னிடம் படிக்க வருகிறான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பலகையில் இருப்பதை அப்படியே எழுதிவிடுவான். ஆனால் எழுதியதை அவனுக்கே வாசிக்கத் தெரியவில்லை. 52-இல் 27 போனால் 35 என்கிறான். தொண்ணூறு எழுதச் சொன்னால் 900 என்று எழுதுகிறான். பாடத்தை எப்படி முடிப்பேன் என்று பயமாக இருக்கிறது.

வாசகி, திருவண்ணாமலை

அன்புள்ள சகோதரிக்கு,

நான்காம் வகுப்புப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அவன் நிற்கும் இடம் அது இல்லை.

முதல் நாள் எதையும் நடத்த வேண்டாம். தனி எழுத்து, சின்னச் சொல், நான்கு வரி, ஒரு குட்டிக் கதை என்று வரிசையாகக் கொடுத்து, எங்கே தடுக்குகிறது என்று மட்டும் பாருங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-இல் தொடங்கிய அசர் (ASER) ஆய்வில் பிள்ளைகளின் வாசிப்பை ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்கள்.

அநேகமாக அவன் கொம்பிலும் காலிலும்தான் தடுக்குவான். ‘தேன்’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியதோ ‘த’. என்னிடம் படித்த ஒரு சிறுமி ‘காகம்’ என்பதைக் ‘கரகம்’ என்று வாசித்துக்கொண்டிருந்தாள். துணைக்காலும் ‘ர’வும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. மூன்று வாரம் அதை நான் கவனிக்காமல் அவளை அவசரப்படுத்தினேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

247 எழுத்துகளையும் அட்டையில் வைத்து ஒப்பிக்க வைக்காதீர்கள். ட, ப, ம, ஒரு புள்ளி போதும்: படம், மடம், பட்டம். அப்புறம் ஒரு கால் சேருங்கள்: பாடம், மாடம். ஒரு கோடு போட்டதும் சொல்லே மாறுவதை அவன் தானே கண்டுபிடிக்கட்டும்.

கணக்குக்கு வருவோம். 35 என்று அவன் கவனக்குறைவால் சொல்லவில்லை. 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டான். பெரியதில் சிறியதைக் கழி என்று அவனாக ஒரு விதி வைத்திருக்கிறான். ‘கடன் வாங்கு’ என்று சொன்னால் இது தீராது. வாங்கிய கடனை அந்தக் கணக்கில் யாரும் திருப்பித் தருவதில்லையே! ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் அவன் கையில் கொடுத்து, 27 ரூபாய் கேளுங்கள். ஒரு பத்துக்குச் சில்லறை மாற்றாமல் அவனால் தர முடியாது. மாற்றித் தந்த பிறகு மீதியை எண்ணச் சொல்லுங்கள். 25 வரும். அதே கணக்கை அப்போதே நோட்டில் போட வையுங்கள்.

தொண்ணூறு விஷயத்தில் அவனைத் திட்டவே கூடாது. அவன் காது நன்றாக வேலை செய்திருக்கிறது. எண்பது வரை ‘பது’ என்று முடிந்தது, தொண்ணூறில் ‘நூறு’ போல ஒலிக்கிறது. நூறு என்றால் இரண்டு சுழியம், போட்டுவிட்டான். தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதினாலும் ஆச்சரியப்படாதீர்கள். நம் எண்பெயர்கள் அந்த இரண்டு இடத்திலும் அப்படித்தான் இருக்கின்றன. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒன்பது கட்டுகளை எண்ண வையுங்கள்.

வாக்கியக் கணக்கை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கேட்டதும் சரியாகச் சொன்னால், குறை கணக்கில் இல்லை, வாசிப்பில்தான்.

தினம் அரை மணி நேரம் போதும். முதல் நாள் எந்த எழுத்தில் நின்றான் என்று எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து சேர்ந்து யோசிப்போம்.