ஆறு பேர் படுக்கலாம் என்றால் ஆறு கட்டிலா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். ஜூலையில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். ஈலி என்ற ஊரில் ஒரு நேரோபோட் (உள்ளேயே தங்கி, நாமே ஓட்டிப் போகும் ஒடுக்கமான நீளப் படகு) வாடகைக்கு எடுத்து, ஆற்று வழியாகவே கேம்பிரிட்ஜ் போய்த் திரும்ப ஆசை. பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் ரெண்டு பேர். 'ஆறு பேர் படுக்கலாம்' என்று போட்டிருக்கும் படகு ஒன்றை வெள்ளி முதல் திங்கள் வரை கேட்டிருக்கிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் படகின் உட்புற வரைபடத்தை அனுப்பச் சொல்லுங்கள். நேரோபோட்டின் நீளம் எழுபது அடி வரைகூடப் போகும். அகலம் 6 அடி 10 அங்குலம்தான். ஏழடி அகல லாக்குகளுக்குள் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள்) நுழைவதற்காக அந்தக் காலத்துச் சரக்குப் படகுகளுக்கு வைத்த அளவு அது. சுவர் கனம் போக உள்ளே ஆறடி மிஞ்சினால் பெரிது. அதனால் 'ஆறு பேர்' என்பதில் பெரும்பாலும் நாலு பேருக்குத்தான் கட்டில். மற்ற ரெண்டு பேருக்குச் சாப்பாட்டு மேசை! பலகையை இறக்கி, இருக்கை மெத்தைகளை அதன்மேல் பரப்பினால் படுக்கை. நாங்கள் போனபோது அதில் பிள்ளைகள் ஒன்பது மணி வரை தூங்கினார்கள். ஐந்தரைக்கே எழுந்துவிட்ட என் மாமியார், காபி டம்ளரோடு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படியும் செங்குத்து. அப்பா, அம்மாவுக்கு மூட்டு வலி உண்டென்றால் எத்தனை படி, பிடித்து இறங்கக் கம்பி உண்டா என்று கேளுங்கள்.

கழிப்பறை பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். தொட்டி வைத்த வகை என்றால் வாடகை முடியும்வரை தாங்குமா? 'கேசட்' என்றால், நிறைந்ததும் சூட்கேஸ் மாதிரி நீங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். டீசல் வாடகையில் அடக்கமா, சேதத்துக்கு எவ்வளவு பிடித்து வைப்பார்கள் என்பதெல்லாம் விளம்பரத்தில் தெரியாது. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நாள் கணக்கு. ஈலியிலிருந்து கேம்பிரிட்ஜ் ரயிலில் கால் மணி நேரம். ஆற்றில் சுமார் 17 மைல். வழியில் பாட்டிஷம், பெய்ட்ஸ் பைட் என்று ரெண்டே லாக். ஆனால் படகு போவது ஆள் நடக்கிற வேகத்தில். ஐந்தாறு மணி நேரம் ஆகும். வெள்ளி மாலை சாவி கொடுத்து, திங்கள் காலை சாப்பிடும் முன்பே திருப்பிக் கேட்பார்கள். சனி போக, ஞாயிறு வர என்று டில்லரை (படகைத் திருப்பும் சுக்கான் கைப்பிடி) பிடித்தபடியே விடுமுறை முடிந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை என்றால் ஓர் இரவு கூடுதல். பல இடங்களில் ரெண்டுக்கும் ஒரே விலைதான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தால் அதையே எடுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. கால்வாயில் தண்ணீர் நிற்கிறது, ஆற்றில் ஓடுகிறது. மேலே மழை கொட்டினால் சுற்றுச்சூழல் ஏஜென்சி நீரோட்ட எச்சரிக்கை விடும். படகைக் கரையில் கட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். அக்டோபரில் எங்களுக்கு அப்படி ரெண்டு நாள் போனது. பணம் திரும்பவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது, நான் படிக்கவில்லை. ஜூலையில் ஆபத்து குறைவு. இருந்தாலும் 'ஆறு மூடினால் என்ன செய்வீர்கள்? வேறு தேதி உண்டா?' என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

'பதினாலு நாளுக்குள் ரத்து செய்துகொள்ளலாம்' என்று நம்பி இணையத்தில் கட்டிவிடாதீர்கள். குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடம், பொழுதுபோக்கு இவற்றுக்கு அந்தச் சட்டச் சலுகை கிடையாது. முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வாடகை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, கம்பெனி வாக்குத் தவறினால் கார்டு நிறுவனமும் முழுத் தொகைக்குப் பொறுப்பு. ஏஜென்ட் வழியாகக் கட்டினால் இந்தப் பாதுகாப்பு நழுவக்கூடும். படகுக்காரரிடமே நேராகக் கட்டுவது நல்லது.

கேள்வி: ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா? எனக்குக் கார் மட்டும்தான் தெரியும்.

பதில்: வேண்டாம். சாவி கொடுக்கும்போதே கற்றுத் தருவார்கள். அவசரப்படுத்தினால் விடாதீர்கள், ஒரு லாக்கையாவது அவர்களோடு கடந்து பாருங்கள். டில்லரை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். முதல் அரை மணி நேரம் கார் ஓட்டிய கைக்கு இது குழப்பும். பெய்ட்ஸ் பைட் தாண்டியதும் கல்லூரிப் பிள்ளைகள் துடுப்புப் படகில் பறந்து வருவார்கள். துடுப்புப் போடுகிறவர்கள் முதுகை முன்பக்கம் காட்டி உட்கார்ந்திருப்பார்கள், உங்களைப் பார்க்க மாட்டார்கள். வேகத்தைக் குறைத்து வழி விடுங்கள்.